கேட்கத் தெரிந்தவர்கள் வாங்கித் தந்தது

பிள்ளைகளே, உங்களில் பலர் இப்போதுதான் முதல் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். சம்பளச் சீட்டு வந்ததும் கையில் வரும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறீர்கள். பிடித்தம் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதையும் நிதானமாகப் படியுங்கள். பி.டி. என்று ஒரு வரி இருக்கும். புரொஃபஷனல் டாக்ஸ், அதாவது தொழில் வரி. மகாராஷ்டிராவில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஆண்களுக்கும், 25,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் பெண்களுக்கும் மாதம் 200 ரூபாய் பிடிப்பார்கள். பிப்ரவரியில் மட்டும் 300. ஆண்டுக்கு 2,500. அதற்குப் பக்கத்திலேயே பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி என்று இன்னொரு பிடித்தம்.

இந்த இரண்டு பிடித்தங்களுக்குப் பின்னாலும், ஏழைகளுக்காகவும் உழைத்து ஓய்ந்தவர்களுக்காகவும் சட்டசபையில் எழுந்து நின்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

நான் மும்பை செம்பூரில் இருப்பவன். தனியார் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிக்குப் போய் வயதானவர்களுக்குப் பென்ஷன் ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கிறேன். இந்த வேலையில் எனக்குப் புரிந்தது ஒன்று. எளியவர்களுக்கு இந்த நாட்டில் எது கிடைத்திருந்தாலும், யாரோ ஒருவர் முறையாகக் கேட்டு வாங்கித் தந்ததாகவே அது இருக்கிறது. எப்படிக் கேட்டார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால், நாளைக்கு நீங்களும் கேட்பீர்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லிக் கேளுங்கள்

வி.ச. பாகே என்ற பெயரை நம் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். சாங்லி மாவட்டத்துக்காரர். 1960 முதல் 1978 வரை மகாராஷ்டிர சட்ட மேலவையின் தலைவராக இருந்தவர். 1970களின் தொடக்கத்தில் மகாராஷ்டிராவில் கொடும் பஞ்சம். மழையில்லை, விதைப்பில்லை, கூலியில்லை. பஞ்ச காலத்தில் அரசு கஞ்சித் தொட்டி திறப்பதும், மழை பெய்ததும் அதை மூடிவிடுவதும் பழைய வழக்கம். பாகே அந்தப் பஞ்சத்துக்கு முன்பிருந்தே வேறொன்று கேட்டுவந்தார். உடலுழைப்புக்குத் தயாராக இருக்கும் கிராமத்து மனிதனுக்கு அரசு வேலை கொடுத்தே தீர வேண்டும், அது சட்டமாக வேண்டும் என்றார்.

சாங்லி மாவட்டத்தின் தாஸ்காவ் பகுதியில் 1969-ல் சோதனை முயற்சியாகத் தொடங்கியது வேலை உறுதித் திட்டம். பஞ்ச காலத்தில் மாநிலம் முழுவதும் பரவியது. 1977-ல் சட்டமாக நிறைவேறி, 1979 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்தது. குளம் வெட்டவும், கரை கட்டவும், சாலைக்குக் கல் உடைக்கவும் போனவர்களில் பெண்கள் ஏராளம். 2005-ல் ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நாடாளுமன்றம் கொண்டுவந்தபோது அதற்கு முன்மாதிரியாக இருந்தது மகாராஷ்டிராவின் இந்த அனுபவம்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதற்கு ஆன செலவை. அதற்காகவே 1975-ல் தொழில் வரிச் சட்டம் வந்தது. நகரத்தில் சம்பளம் வாங்குகிறவனிடம் கொஞ்சம் வசூலிப்பது, அதற்கு ஈடாக அரசும் தன் பங்குக்குப் பணம் போடுவது என்பது ஏற்பாடு. மும்பை ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்தவனின் சம்பளத்திலிருந்து, மராத்வாடாவில் வெயிலில் மண் சுமந்தவளுக்குக் கூலி போனது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தப் பிடித்தத்தைப் பற்றி முணுமுணுக்காத குமாஸ்தா கிடையாது. எனக்கு விவரம் சொன்னவர் எங்கள் ஆபீசில் இருந்த ஒரு மராத்திய அண்ணன். கேட்ட நாளிலிருந்து அந்தப் பிடித்தத்தை நான் குறை சொன்னதில்லை. நம் தாத்தாக்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்ததற்கு மட்டும் என்ன காரணம்? வானம் பொய்த்தது, வயிறு காய்ந்தது, வந்தார்கள். அன்றைக்கு ஊரிலேயே இப்படி ஒரு வேலை உறுதி இருந்திருந்தால், எத்தனை குடும்பங்கள் பிரியாமல் இருந்திருக்கும்!

ஏழைக்கு ஏதாவது கேட்கும்போது, அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லிக் கேட்கிற கோரிக்கையை யாராலும் எளிதில் தள்ளிவிட முடியாது.

தோற்றாலும் பதிவாகட்டும்

லோயர் பரேல் பக்கம் போனால் என்.எம். ஜோஷி மார்க் என்று ஒரு சாலை இருக்கிறது. அந்த ஜோஷி 1911-ல் பம்பாயில் சமூக சேவைக் கழகத்தை நிறுவியவர், 1920-ல் ஏ.ஐ.டி.யு.சி. தொழிற்சங்கம் உருவானதில் முன்னின்றவர். மில் தொழிலாளர்களுக்காகவே வாழ்ந்தார். 1921-ல் தொழிலாளர்களின் சார்பில் மத்திய சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பெரும் பணக்காரர்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் நிறைந்த சபை அது.

1924-ல் அங்கே ஒரு மசோதா கொண்டுவந்தார். பிள்ளை பெறும் தொழிலாளிப் பெண்ணுக்குப் பிரசவத்தை ஒட்டி ஓய்வும் உதவித்தொகையும் வேண்டும் என்றது அந்த மசோதா. சபை அதை ஏற்கவில்லை. நான்கே ஆண்டுகளில் அதே கோரிக்கை பம்பாய் சட்டசபைக்கு வந்தது. 1928 ஜூலையில் அங்கே எழுந்து அதை ஆதரித்தவர் டாக்டர் அம்பேத்கர். தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலன் என்று வாதாடினார். 1929-ல் பம்பாய் மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. நாட்டிலேயே முதல் சட்டம். 1961-ல் நாடு முழுவதற்கும் சட்டமானது. 2017-ல் விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. இன்று பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பெண், கைக்குழந்தையோடு சம்பளத்துடன் வீட்டில் இருக்கிறாளே, அதற்கு விதை போட்டது சபையில் தோற்ற ஒரு மசோதா.

பி.எஃப். கதையும் இதே மாதிரிதான். தனியார் கம்பெனித் தொழிலாளிக்குப் பென்ஷன் தரும் ஈ.பி.எஸ். திட்டம் 1995 நவம்பர் 16-ல் வந்தது. முதலாளி போடும் பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவீதம் அதற்குப் போகும், அரசு 1.16 சதவீதம் சேர்க்கும். கடைசியில் கணக்கு என்னவென்றால், சம்பளத்தை வேலை செய்த ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 வரை அந்தச் சம்பளத்துக்கு 6,500 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்தது. 14 ஆண்டு உழைத்தவனுக்கு மாதம் 1,300 ரூபாய். வயதான இருவர் அதை வைத்துக்கொண்டு செம்பூரில் ஒரு வாரம்கூடத் தள்ள முடியாது. நானும் அந்தப் பென்ஷன்காரன்தான், அதனால் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

பென்ஷன்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மாநிலங்களவைக்கு மனு எழுதினார்கள். உறுப்பினர் ஒருவர் மூலம் சபைக்குப் போகும் மனுவில் அவர் மேலொப்பம் இட வேண்டும். மகாராஷ்டிராவிலிருந்து மாநிலங்களவைக்குப் போயிருந்த பிரகாஷ் ஜாவடேகர் ஒப்பமிட்டார். பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மனுக்கள் குழு விசாரித்தது. குறைந்தபட்சப் பென்ஷன் 3,000 ரூபாயாக வேண்டும், விலைவாசிப் படியும் சேர வேண்டும், அரசின் பங்கும் உயர வேண்டும் என்று 2013 செப்டம்பரில் பரிந்துரைத்தது. 2014 செப்டம்பர் முதல் கிடைத்தது 1,000 ரூபாய். கேட்டதில் மூன்றில் ஒன்று. ஆனால் அதற்கு முன் மாதம் நூறும் இருநூறும் வாங்கியவர்கள் இருந்தார்கள். அந்த அறிக்கை சபையின் ஆவணத்தில் இருப்பதால்தான், 2018-ல் நம் மாநிலத்தின் புல்டானாவில் தொடர் உண்ணாவிரதம் தொடங்கிய முதியவர்களால் நெஞ்சை நிமிர்த்தி, "உங்கள் குழுவே சொன்னதுதானே" என்று கேட்க முடிந்தது.

அரசு ஊழியர்களின் பென்ஷனுக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. 1982 டிசம்பர் 17-ல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பென்ஷன் என்பது முதலாளி மனம் இரங்கிக் கொடுக்கும் கொடை இல்லை, செய்த வேலைக்கான உரிமை என்று தீர்ப்பளித்தது. டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுவது அதனால்தான். வீட்டில் தாத்தா பென்ஷன் எடுக்க பேங்குக்குப் போகும்போது இதை மனதில் வையுங்கள். அவர் வாங்கப்போவது அவர் சம்பாதித்தது.

கூட்டிக்கொண்டு போங்கள்

மிருணாள் கோரேயை நான் கூட்டங்களில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பருத்திப் புடவை, உரத்த தெளிவான குரல். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பொதுவாழ்க்கைக்கு வந்தவர். 1958-ல் கணவர் கேசவ் கோரே மறைந்தபோது அவருக்கு வயது முப்பது. கையில் சிறு பெண் குழந்தை. 1961-ல் மாநகராட்சிக்கு ஜெயித்துப் போனார். கோரேகாவ் பக்கத்துச் சேரிகளுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு அவர் நடத்திய போராட்டங்களால் மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'பாணீவாலி பாய்', தண்ணீர்க்காரம்மா.

1972-ல் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அந்த ஆண்டுகளில் எண்ணெய், சர்க்கரை, தானியம், மண்ணெண்ணெய் எல்லாம் விலையேறிக் கிடந்தன. கம்யூனிஸ்ட் தலைவி அகில்யா ரங்கணேக்கர், சோஷலிஸ்ட் தலைவி பிரமிளா தண்டவதே ஆகியோரோடு சேர்ந்து விலைவாசி எதிர்ப்புப் பெண்கள் குழு அமைத்தார். கட்சி வேறு, கொடி வேறு, அடுப்பு ஒன்று. பெண்கள் சப்பாத்திக் கட்டையையும் காலித் தட்டையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். அதற்கு முன் ஊர்வலத்தையே பார்த்திராத மாட்டுங்கா மாமிகளும் பரேல் சால் குடியிருப்புகளின் பெண்களும் ரேஷன் கடைக் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்கக் கற்றது அந்தக் காலத்தில்தான்.

நெருக்கடி நிலைக் காலத்தில் கோரேயும் ரங்கணேக்கரும் சிறையில் இருந்தார்கள். 1977-ல் இருவரும் மும்பையிலிருந்து மக்களவைக்குப் போனார்கள். பிறகு கோரே மறுபடி சட்டமன்றத்துக்கு வந்து எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்தார். நகர நில உச்சவரம்புச் சட்டத்தில் வந்த நிலம் ஏழைக்குப் போக வேண்டும் என்று விடாமல் போராடி, நாகரி நிவாரா பரிஷத் மூலம் கோரேகாவ் கிழக்கில் எளிய வருமானக்காரர்களுக்குச் சுமார் 6,000 வீடுகள் அமையக் காரணமாக இருந்தார். 2012 ஜூலையில் காலமானார்.

அவரிடம் கற்க வேண்டியது, தனியாகப் போகாமல் இருப்பதை. சபையில் ஒரு உறுப்பினர் பேசுவதற்கு வலு, வெளியே நிற்கிறவர்களிடமிருந்து வருகிறது. தண்ணீர் வேண்டியவளையே அதிகாரியின் முன்னால் நிறுத்திப் பேச வைத்தார் அவர். ஒருமுறை பேசிவிட்டவள் பிறகு யாரையும் எதிர்பார்த்து நிற்க மாட்டாள்.

காகிதத்தைக் காப்பாற்றுங்கள்

1980-ல் அ.ர. அந்துலே முதலமைச்சராக இருந்தபோது மகாராஷ்டிராவில் சஞ்சய் காந்தி நிராதார் திட்டம் வந்தது. ஆதரவற்றோர், கைம்பெண்கள், உடல் ஊனமுற்றோருக்கு மாத உதவி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்று ஷ்ராவண பாள் திட்டம் இருக்கிறது. இரண்டிலும் மாத உதவி 2023-ல் 1,500 ரூபாயாக உயர்ந்தது.

அதே முதலமைச்சர்தான் 1981 ஜூலையில், கொட்டும் மழையில், நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பச் சொன்னார். சேலத்திலிருந்து 1961-ல் பிழைக்க வந்த தமிழர் ஒருவரின் குடும்பத்தையும் பஸ்ஸில் ஏற்றி சேலத்துக்கே அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து வழக்குப் போட்டவர்களில் ஒருவரானார். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்களே, அதுதான். 1985 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்றது. ஆனால் அகற்றுவதைத் தடுத்துவிடவில்லை. மழைக்காலம் முடியும் வரை பொறுக்கச் சொன்னது. 1976 கணக்கெடுப்பின் அடையாளச் சீட்டு வைத்திருந்தவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னது. சீட்டு வைத்திருந்தவனுக்கு இடம்; இல்லாதவனுக்கு இல்லை.

ஆகவே வீட்டில் கிடக்கும் பழைய ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது, பள்ளிச் சான்றிதழ் எதையும் எறியாதீர்கள். ஷ்ராவண பாள் உதவி கேட்க 15 ஆண்டுகள் மகாராஷ்டிராவில் வசித்ததற்குச் சான்று வேண்டும். 'உத்பன்னாச்சா தாக்லா' என்கிற வருமானச் சான்றில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதத்துக்கு 1,750 ரூபாய். மும்பையில் அதற்குக் கீழே சம்பாதிக்கும் குடும்பம் உயிரோடு இருக்க முடியுமா? இந்த வரம்பு உயர வேண்டும் என்பது நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது. மத்திய அரசின் பங்கு இரண்டாவது. 1995 ஆகஸ்ட் 15-ல் மாதம் 75 ரூபாயாகத் தொடங்கிய மத்திய முதியோர் உதவி, பல ஆண்டுகளாக 200 ரூபாயிலேயே நிற்கிறது. 80 வயதைத் தாண்டினால் 500. தமிழ்நாட்டில் காமராஜர் ஆட்சியில் 1962-ல் முதியோர் பென்ஷன் 20 ரூபாயாகத் தொடங்கியது. மாநிலங்கள் தங்கள் பங்கை உயர்த்திக்கொண்டே வந்திருக்கின்றன. டெல்லியின் 200 மட்டும் அசையவில்லை.

பக்கத்தில் நில்லுங்கள்

ஒரு பாட்டியைச் சொல்கிறேன். தாராவியில் இட்லி வியாபாரம் செய்து நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர். விண்ணப்பத்தில் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், ஆட்நாவ் என்கிற குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். நம்மவர்களுக்கு ஆட்நாவ் ஏது? ஆதாரில் இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் கணவர் பெயர், ரேஷன் கார்டில் யாரோ ஒரு எழுத்தர் போட்டுவிட்ட ஊர்ப் பெயர். மூன்று காகிதத்தில் மூன்று பெண்கள். ஒவ்வொன்றாகத் திருத்தி, மூன்றும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம்.

அதற்கப்புறம் விரல் ரேகை. மாவில் ஊறி, பாத்திரம் தேய்த்து, வெந்நீரில் வெந்து தேய்ந்த விரல்கள். மெஷினில் வைத்தால் சிவப்பு விளக்குதான் எரிகிறது. முந்தானையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கிறார். கவுன்ட்டரில் இருந்த பையன் எரிச்சலோடு "அப்புறம் வாங்க" என்றான். பாட்டி ஒன்றும் பேசாமல் எழுந்துவிட்டார். நான் எழவில்லை. மறுத்ததற்கு எழுத்தில் காரணம் கொடுங்கள் என்று கேட்டேன். 2015-ல் வந்த மகாராஷ்டிர சேவை உரிமைச் சட்டப்படி அந்தக் காரணத்தைக் கேட்கவும், கெடு தாண்டினால் மேல்முறையீடு செய்யவும் நமக்கு உரிமை உண்டு. கேட்டதும் பெரிய அதிகாரி வந்தார்; வேறு விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார்; இடது கை மோதிர விரல் பதிந்தது.

பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குக் கொடுக்கும் சான்றை 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம். இந்த விவரம் பல பெரியவர்களுக்குத் தெரியாது. உங்கள் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. சபையில் எத்தனை பெரிய சட்டம் நிறைவேறினாலும், கடைசியில் அது ஒரு கவுன்ட்டருக்கு வந்துதான் ஏழையின் கைக்குப் போக வேண்டும். அந்தக் கவுன்ட்டரில் பெரியவரின் பக்கத்தில் நிற்க எம்.எல்.ஏ. வர மாட்டார். நீங்கள்தான் நிற்க வேண்டும்.

அங்கே நின்று பார்த்ததை எழுதிக் கொடுக்கப் பழகுங்கள். எங்கள் எம்.எல்.ஏ. கண்டுகொள்வதில்லை என்று குறைபடுகிறவர்களிடம் நான் கேட்பதுண்டு, எழுத்தில் என்ன கொடுத்தீர்கள் என்று. சட்டமன்றத்தில் 'தாராங்கித் பிரஷ்ன' என்று நட்சத்திரக் கேள்வி உண்டு. 'லக்ஷவேதி' என்று கவன ஈர்ப்பு உண்டு. மனுக்கள் குழு உண்டு. உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அவர் கேட்பதற்குச் சரக்கு வேண்டும். எந்த வார்டில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு எந்தக் காரணத்தால் மறுத்தார்கள், எந்த மாதத்திலிருந்து பணம் வரவில்லை என்று ஒரே பக்கத்தில், மராத்தியில், தேதியோடு எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்றில் கையெழுத்தும் சீலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மும்பையிலேயே பிறந்து மராத்தி படித்தவர்கள். உங்கள் தாத்தாவுக்கு இல்லாத வலிமை அது.

ஜோஷிக்கும் பாகேவுக்கும் கோரேவுக்கும் எல்லாமே கிடைத்துவிடவில்லை. பாதி கிடைத்தது, கால் கிடைத்தது, சில சமயம் ஒன்றுமே கிடைக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் கேட்டார். இப்போது முறை உங்களுடையது. உங்கள் சாலில், உங்கள் கட்டடத்தில் 65 வயதைத் தாண்டிய, பென்ஷன் இல்லாத பெரியவர்கள் யார் யார் என்று இந்த வாரமே விசாரியுங்கள். ஒருவருக்கு நிரப்பிக் கொடுங்கள், அவரோடு போங்கள், கையில் பணம் வரும் வரை விடாதீர்கள். அதன்பின் 21,000 ரூபாய் வரம்பு ஏன் என்றும், 200 ரூபாய் ஏன் என்றும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.